லேக் மார்க்கெட்டின் பசுமஞ்சள்

விரித்த சாக்கின்மேல் மூன்று குவியல்கள். மூன்றுக்கும் ஒரே மண்ணிறம், ஒரே முடிச்சு முடிச்சான உடம்பு. நின்றபடி பார்த்தால் எது இஞ்சி, எது மஞ்சள், எது மாங்காய் இஞ்சி என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாமி குனிந்து நடுக் குவியலிலிருந்து ஒரு விரலை எடுத்துப் பட்டென்று ஒடித்தார். உள்ளே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. அடுத்த குவியலில் ஒன்றை ஒடித்தார். வெளிறிய மஞ்சள், மூக்கருகே கொண்டுபோனால் பச்சை மாங்காய் வாசனை. மூன்றாவதை ஒடிக்கவில்லை. நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தார், சாறு கசிந்தது.

"டாட்கா, மாஷிமா, ஏக்தொம் டாட்கா" என்றார் கடைக்காரர். புத்தம் புதுசாம்.

"நேத்திக்கும் இதையேதான் சொன்னே" என்று மாமி தமிழிலேயே சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே தராசை எடுத்தார். முருங்கைக்காயும் வாழைத்தண்டும் கறிவேப்பிலையும் விற்றுப் பழகிய ஆள். அந்த அளவு தமிழ் லேக் மார்க்கெட்டில் பலருக்கும் புரிகிறது.

தை மாதம். சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம். கொல்கத்தாவின் குளிர்காலத்தில் பனியும் புகையும் கலந்து காலை எட்டு மணி வரை தெரு தெளிவதில்லை. பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் இருமுகிறார்கள். இங்கே வேலைக்கு வந்திருக்கும் தோழியின் ஃப்ரிட்ஜில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். அடியில் ஆரஞ்சு வண்டல், மேலே நெய் வளையம். "எதிர்வீட்டு மாமி கொடுத்தது. ரெண்டு ஸ்பூன் வெந்நீர்ல விட்டுக் குடிச்சா தொண்டைக்கு இதமா இருக்கு" என்றாள். அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்கப் போனவளை மாமி முதலில் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிழங்கைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவளிடம் பக்குவம் சொல்லிப் பயனில்லை என்பது அவர் கட்சி.

காளிகாட் மெட்ரோ நிலையத்தில் ஏறி வெளியே வந்து, ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் சந்தை வந்துவிடும். பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது லேக் மால் நிற்கிறது. மால் என்ற பெயருக்கேற்ற கண்ணாடியும் குளிர்சாதனமும் உள்ளே. சந்தைக்கேற்ற ஈரமும் இரைச்சலும் அதைச் சுற்றி, நடைபாதையிலும் சந்துகளிலும். மல்லிகைச் சரம் முழத்தில் கிடைக்கிறது. வாழை இலைக் கட்டு கிடைக்கிறது. காபிக்கொட்டை வறுபடும் வாசனை ஒரு திருப்பத்தில் வந்து அடுத்த திருப்பத்தில் மீன் வாசனையிடம் தோற்றுப்போகிறது.

இந்தப் பகுதியே வெட்டியெடுத்த மண்ணால் உருவானது. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தெற்கே சதுப்பாகவும் காடாகவும் கிடந்த இடத்தில் ஒரு பெரிய ஏரியை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு சுற்றுப்புறத்தை மேடாக்கி, சாலை போட்டு மனை பிரித்தது. தாக்குரியா ஏரி என்று பெயர். 1958-இல் அது ரவீந்திர சரோபர் ஆயிற்று. டல்ஹௌசி சதுக்கத்து வெள்ளைக்காரக் கம்பெனிகளிலும் ஏ.ஜி. ஆபீசிலும் ரயில்வேயிலும் சுருக்கெழுத்துக்கும் கணக்குக்கும் ஆள் தேவைப்பட்ட காலம். தமிழ்நாட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் இந்தப் புது மனைகளில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மெஸ், மெஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டல். பிரேம விலாஸ், ராவ்ஸ் உடுப்பி ஹோம், ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம் என்ற பெயர்கள் இன்றும் வங்காளிகளின் வாயில் புழங்குகின்றன. மாமியின் மாமனார் ஒரு சணல் கம்பெனியில் ஸ்டெனோ. மாமி கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் பெங்களூரில். இந்தத் தெருக்களின் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் கதை.

வந்த புதிதில் காய்க்கடையில் மஞ்சளைப் பார்த்துத் திகைத்ததாக மாமி சொன்னார். "நம்மூர்ல பசுமஞ்சளைப் பொங்கலுக்குப் பானையில கட்டுவோம். மறுநாள் அவிழ்த்துப் பூசிக் குளிக்க எடுத்து வெச்சுப்போம். சமையலுக்கு மஞ்சள்பொடிதானே? இங்கே என்னடான்னா கத்திரிக்காயோட கத்திரிக்காயா விக்கறான்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில், ஈரோட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும், கிழங்கு வெட்டியதும் வேகவைத்துவிடுவார்கள். வேகும்போது பச்சை வாசனை போகும், உள்ளிருக்கும் மாவு இறுகும், நிறம் கிழங்கு முழுக்கச் சீராகப் பரவும். பிறகு வெயிலில் வாரக்கணக்கில் காய்ச்சல், டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ். நூறு கிலோ பச்சைக்கிழங்கு இருபது கிலோ விரலியாகச் சுருங்கும். அடுக்களைக்கு வருவது அந்தச் சுருங்கிய மஞ்சளின் பொடி. வங்காளத்திலும் குழம்புக்குப் பொடிதான். ஆனால் குளிர்காலம் வந்தால் 'காஞ்சா ஹொலுத்' தனியாக ஒரு காய்போலக் கடைக்கு வந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் சுண்டுவிரல் துண்டு மஞ்சளும் கொஞ்சம் வெல்லமும் மென்று தின்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். மாசி, பங்குனியில் அம்மை பரவும் காலத்தில் வேப்பங்கொழுந்தும் சேரும். சரஸ்வதி பூஜையன்று பெண்கள் பச்சை மஞ்சளை அரைத்துப் பூசிக் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கல்யாணத்துக்கு முன் 'காயே ஹொலுத்' என்றொரு சடங்கே உண்டு. ஆகவே இந்த வாரத்தில் கடைக்காரரின் நடுக் குவியல்தான் வேகமாகக் கரைகிறது.

"குண்டு வேண்டாம், விரல் எடுத்துக்கோ" என்றார் மாமி. குண்டு என்பது தாய்க்கிழங்கு. முற்றியிருக்கும், நார் அதிகம். பக்கவாட்டில் கிளைத்த விரல்களில்தான் சாறு. இஞ்சிக்கு வேறு ஒரு சோதனை: பளபளவென்று கழுவி வைத்ததைத் தொடாதே, மண் ஒட்டியதை எடு. மண் ஒட்டிய இஞ்சி சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிக்காது, என்ன போட்டுக் கழுவினார்கள் என்ற கவலையும் இல்லை.

கழுவியதைப் பற்றிய கவலை மஞ்சளுக்கு இன்னும் பெரிது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நகரங்களின் சந்தை மஞ்சளைச் சோதித்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள் சிலவற்றில் அது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. விரலியைப் பாலிஷ் செய்யும்போது நிறம் தூக்கிக் காட்ட ஈயக் குரோமேட்டைப் பூசுவதுதான் காரணம். வங்கதேசத்தில் 2019-இல் அரசு சந்தைகளில் புகுந்து பிடித்து, அபராதம் போட்டு, அந்தப் பழக்கத்தைப் பெருமளவு நிறுத்திக் காட்டியது. பாட்னா இங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரம். மண்ணோடு வரும் பசுமஞ்சளில் பாலிஷுக்கு வேலையே இல்லை. தினசரி குடிக்கப்போகிற ஒன்றுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. பொடிதான் வேண்டுமென்றால் விரலி வாங்கி, கழுவி, காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். கண் கூசும் மஞ்சளாக இருக்கும் விரலியை விட்டு, மங்கலானதை வாங்கலாம்.

நடுவில் ஒரு தேநீர். ஜனக் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நின்றோம். கொல்கத்தாவின் 'ஆதா சா'வுக்கு வெந்நீரில் தேயிலையும் இடித்த இஞ்சியும் கொதிக்கும். பால் அதற்குப் பிறகு. மண்குவளையில் ஊற்றித் தருகிறார்கள். பால் வேண்டாதவர்களுக்கு எலுமிச்சையும் கறுப்பு உப்பும் போட்ட 'லேபு சா'. மாமி குவளையை வாங்கும்போது கடைப்பையனின் கையைக் கவனிக்கச் சொன்னார். இஞ்சி இடித்த உலக்கையைப் பால் பாத்திரத்தின் பக்கமே அவன் கொண்டுபோகவில்லை. "ஆத்துக்கு வா, ஏன்னு காட்டறேன்" என்றார்.

மீதிச் சாமான்களுக்கு ஒரு மளிகைக் கடை. கொஞ்சம் மிளகு, சுக்கு இரண்டு துண்டு, மண்சட்டி நிறத்தில் 'நோலேன் குட்'. இது ஈச்ச மரத்தில் குளிர்காலத்தில் மட்டும் இறக்கும் பதநீரைக் காய்ச்சிய வெல்லம். இந்த மாதங்களில் கொல்கத்தாவின் இனிப்புக் கடைகள் முழுக்க இதன் வாசனைதான். அப்புறம் துலாலின் தால்மிச்ரி. பனங்கற்கண்டு வேண்டுமென்று தஞ்சாவூர்ப் பெண் ஐம்பது வருஷத்துக்கு முன் கேட்டபோது கடைக்காரர் நீட்டியது இதைத்தானாம். பனையிலிருந்து எடுப்பதுதான். வங்காளக் குழந்தைகளுக்கு இருமல் என்றால் பாட்டிகள் வாயில் போடுவதும் இதுதான். மாமி அன்று முதல் ஊரிலிருந்து பனங்கற்கண்டு வரவழைப்பதை நிறுத்திவிட்டார்.

பக்கத்து மருந்துக் கடைக் கண்ணாடியில் 'அக்வா டைக்கோட்டிஸ்' பாட்டிலைப் பார்த்தேன். நம்மூர் ஓமத் தண்ணீர். பிரபுல்ல சந்திர ராய் 1892-இல் எழுநூறு ரூபாய் முதலீட்டில் அப்பர் சர்குலர் ரோட்டு வீட்டில் தொடங்கி, 1901-இல் கம்பெனியாக்கிய பெங்கால் கெமிக்கல்ஸின் சரக்கு. கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஒருவர் பாட்டி வைத்தியத்தை அளந்து, வடித்து, பாட்டிலில் அடைத்தார். வயிற்றுப் பொருமலுக்கு வங்காள வீடுகளில் இன்னும் அதைத் தேடுகிறார்கள். மாலுக்குள் இருக்கும் கடையில் அதன் பேரப்பிள்ளைகளையும் பார்த்தேன்: இஞ்சி, மஞ்சள் 'ஷாட்' என்று கட்டைவிரல் உயரப் பாட்டில்கள். ஒன்றின் விலைக்கு வெளியே சாக்கில் மாமி ஒரு வாரத்துக்கான கிழங்கு வாங்கியிருந்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் படித்தால் முதலிடம் ஆப்பிள் சாற்றுக்கு.

மாமி வீடு லேக் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஏறியதும் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"மொதல்ல கையில எண்ணெய் தடவிக்கோ. இல்லேன்னா நாலு நாளைக்கு மஞ்சக்காமாலைக்காரி மாதிரி இருப்பே."

மண்ணை ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினோம். தோலைக் கத்தியால் சீவ விடவில்லை. ஸ்பூன் விளிம்பால் சுரண்டச் சொன்னார். சதை வீணாகாது. மஞ்சள் நூறு கிராம், இஞ்சி நூற்றைம்பது. மாமியின் அளவு கைப்பிடிதான். தராசில் வைத்துப் பார்த்தது நான். அரைப்பதற்கு மிக்ஸி இருந்தும் 'ஷீல் நோடா'வை இறக்கினார். மீன் உருவம் கொத்திய பட்டைக்கல், உருட்டுக் குழவி. அம்மியின் வங்காள ஒன்றுவிட்ட சகோதரி. 'ஷீல் காடாவோ' என்று கூவிக்கொண்டு கல் கொத்துகிறவர்கள் முன்பெல்லாம் வாரம் தவறாமல் தெருவில் வருவார்களாம். கல்லில் நசுங்கினால் மிக்ஸிச் சூடு ஏறாது, நார் நாராகவே நிற்கும், பிழிய வாகு. மிக்ஸியில் நார் தூளாகிச் சாற்றோடு வந்துவிடுகிறது. அதற்காக ஒருவர் கல் வாங்க வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன். துருவிப் பிழிந்தாலும் போதும்.

இஞ்சிச் சாற்றை ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரம் அசையாமல் வைத்தார். அடியில் சுண்ணாம்புபோல வெள்ளையாகப் படிந்தது. "அது நஞ்சு. கொட்டிடணும்." நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். அது வெறும் மாவுச்சத்து, விஷமில்லை. ஆனால் கொட்டுவதில் பொருள் உண்டு: கொதிக்கும்போது கஞ்சிபோல் கெட்டியாகாது, பாட்டிலில் தெளிவாக நிற்கும், சீக்கிரம் புளிக்காது. காரணம் தப்பு, காரியம் சரி.

மஞ்சளுக்கு இதே வைத்தியத்தைச் செய்யக்கூடாது என்பதை மாமி சொல்லாமலே செய்தார். மஞ்சளின் நிறமியான குர்க்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை. தெளியவிட்டால் நிறம் முழுக்க அடியில் போய்விடும், மேலே எடுத்துக் குடிப்பது மஞ்சள் வாசனையுள்ள தண்ணீர். அதனால் விழுதை விழுதாகவே எடுத்தார். வாணலியில் ஒரு ஸ்பூன் நெய், இடித்த மிளகு, மஞ்சள் விழுது, சின்னத் தீ. பச்சை வாசனை அடங்கி நெய் ஆரஞ்சாகப் பிரிந்துவந்தது. அப்புறம் தெளிந்த இஞ்சிச் சாறும் இரண்டு டம்ளர் தண்ணீரும். பத்து நிமிஷம் தளதளவென்று கொதி. வடிகட்டவில்லை. அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் இறங்கியபின் பாதியில் ஈச்ச வெல்லம் கரைத்துக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் ஊற்றினார். மீதியை இனிப்பில்லாமல் இன்னொன்றில்.

ஆறியதும் மேலே நெய் வளையமாகக் கட்டிக்கொள்ளும். அதை எடுத்து எறிபவர்கள் உண்டு. நிறம் அந்த நெய்யில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குலுக்கி, இரண்டு பெரிய ஸ்பூன் எடுத்து, அரை டம்ளர் வெந்நீரில் விட்டால் வளையம் உருகிக் கலந்துவிடும். ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும், அதற்குமேல் வைக்க வேண்டாம். குடிக்கும் நேரத்தில் கந்தராஜ் எலுமிச்சையின் தோலை மேலே ஒரு முறை கீறிவிட்டு நாலு சொட்டுப் பிழிந்தார். வங்காளத்து நீள எலுமிச்சை. நாரத்தை இலை வாசனைக்குப் பக்கத்தில் வரும். புளிப்புப் பட்டதும் மஞ்சள் இன்னும் பளிச்சென்றது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டுச் சிவக்கிறதே, அதன் மறுபக்கம்.

முதல் வாய் இஞ்சி, ஆனால் கடிக்கவில்லை. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரோல். கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி ஜிஞ்செரோனாக மாறி மட்டுப்படும். அதே இஞ்சி காய்ந்து சுக்கானால் எதிர்த்திசையில் போய் ஷோகாவோல் ஆகும். அது இன்னும் காரம், அதனால்தான் சுக்குக் காபி தொண்டைக்குள் இறங்கியபின் எரிகிறது. இரண்டாம் வாயில் மிளகு. மஞ்சளின் மண் வாசனை கடைசியில், ஈச்ச வெல்லத்தின் புகையோடு. இந்த ருசி எனக்குத் தமிழ்நாட்டில் கிடைத்ததில்லை. வங்காளிகளும் இப்படிச் செய்வதில்லை. நெய்யில் வதக்குவது தஞ்சாவூர்க் கை, பச்சைக் கிழங்கும் வெல்லமும் எலுமிச்சையும் இந்தச் சந்தை.

இனிப்பில்லாத பாட்டில் ராத்திரிப் பாலுக்கு. வெல்லம் கலந்ததைக் கொதிக்கும் பாலில் விட்டால் திரியும். பாலுக்குத் தால்மிச்ரிதான் சரி. இஞ்சியும் பாலைத் திரிக்கும், ஆனால் வேறு விதமாக. டீக்கடையில் சொன்னதை மாமி இப்போது செய்து காட்டினார். கை பொறுக்காத சூட்டில் அரை டம்ளர் பால், அதில் ஒரு ஸ்பூன் பச்சை இஞ்சிச் சாறு. கொஞ்ச நேரத்தில் டம்ளரைச் சாய்த்தார். பால் தயிர்போல உறைந்து ஆடியது. இஞ்சியில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது, கொதித்தால் செத்துவிடும். தென்சீனாவின் குவாங்டொங்கில் இதையே வேண்டுமென்று செய்து, சர்க்கரை போட்டு இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். மாமி அந்த டம்ளரை நாட்டுச் சர்க்கரை தூவி என்னிடம் கொடுத்தார். மோசமில்லை. ஆனால் மஞ்சள் பால் வேண்டுமென்றால் இஞ்சியைத் தண்ணீரில் கொதிக்கவிட்டபின் பாலை ஊற்ற வேண்டும். டீக்கடைப் பையன் செய்வது அதைத்தான்.

இனி, இது உடம்புக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி. தொண்டைக்கு இதம், மூக்கடைப்பு இளகும், குமட்டலுக்கு இஞ்சி கேட்கும். இவற்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதற்கு மேலே போகிறவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும். ஒரு ஸ்பூன் மஞ்சள்பொடி மூன்று கிராம் என்றால், அதில் குர்க்குமின் சுமார் 90 மில்லிகிராம். மேகாலயாவின் லாகாடாங் மஞ்சளில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம். ஆய்வுகளில் கொடுத்துப் பார்ப்பதோ பிரித்தெடுத்த குர்க்குமின், பெரும்பாலும் ஐநூறு மில்லிகிராமிலிருந்து மேலே. அப்படிக் கொடுத்தும் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறுவதில்லை. மிளகு சேர்த்தால் ஏறும் என்பதற்கு எல்லாரும் காட்டும் ஆதாரம் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியான சோதனை: இரண்டு கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது. இருபது மில்லிகிராம் பைப்பரின் ஏழெட்டு மிளகில் இருக்கும். மாமியின் வாணலியில் விழுந்தது ஒரு பாட்டிலுக்கு எட்டு மிளகு. இரண்டு ஸ்பூனில் எவ்வளவு வரும் என்று பார்த்தால் பெருமூச்சுதான் வரும். 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் குர்க்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசி, இவ்வளவு காகிதத்துக்குப் பிறகும் நம்பகமான சிகிச்சைப் பலன் நிறுவப்படவில்லை என்று எழுதினார்கள். மஞ்சளின் புகழுக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது ஆயுஷ் அமைச்சகம் 150 மில்லி சூடான பாலில் அரை ஸ்பூன் மஞ்சள் என்று சொல்லியது. பவானிபூரின் பழைய இனிப்புக்கடை பலராம் மல்லிக் மஞ்சளும் துளசியும் சேர்த்து 'இம்யூனிட்டி சந்தேஷ்' போட்டது. கொல்கத்தா எதையும் சந்தேஷாக்கிப் பார்க்கும் ஊர். தொற்றைத் தடுக்க அது உதவியதென்று நான் நம்பவில்லை. ஆளுக்கு இரண்டு சந்தேஷ் தின்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. ஆபத்து வருவது வீட்டுப் பாட்டிலிலிருந்து குறைவு, மாத்திரையிலிருந்து அதிகம். இத்தாலியில் 2019-இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு ஈரல் வீங்கி, அரசே எச்சரிக்கை விட்டது.

வீட்டுப் பாட்டிலும் எல்லாருக்கும் ஆகாது. கூடத்தில் ஆனந்தபஜார் படித்துக்கொண்டிருந்த மாமா, இரண்டு தலைமுறை வங்காளத்தில் இருந்து அந்தப் பத்திரிகையைத் தடையில்லாமல் படிப்பவர், நாங்கள் குடிப்பதை எட்டிப் பார்த்தார். "எனக்குக் கெடையாது" என்றார். இதயத்தில் ஸ்டென்ட்; ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. இஞ்சியும் மஞ்சளும் அளவுக்கு மிஞ்சினால் அந்த மாத்திரையோடு கைகோக்கும் என்று டாக்டர் நிறுத்திவிட்டாராம். மிளகின் பைப்பரினும் வேறு சில மருந்துகளை ரத்தத்தில் கூட்டிவிடும். பித்தப்பையில் கல் உள்ளவர்களும் தினசரிப் பழக்கமாக்குவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. ரசத்தில் போடுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். மாமாவுக்கும் ரசம் உண்டு.

கீழ்வீட்டு 'பௌதி', அதாவது வங்காளிகளின் அண்ணி, கிண்ணத்தோடு ஏறி வந்தார். நார்ச்சக்கை வேண்டுமாம்; பருப்பில் போடுவாராம். வாணலியைப் பார்த்து, வங்காள மொழியில் மாமியை மடக்கினார். ஒரு துண்டு மஞ்சள், ஒரு துண்டு வெல்லம், மென்றால் ஆயிற்று. இதற்கு நெய், மிளகு, பத்து நிமிஷக் கேஸ் எல்லாம் எதற்கு? மாமி விடவில்லை. மென்றால் பல் மஞ்சளாகும், பாதி துப்புவாய், நெய்யில்லாமல் உடம்பில் எப்படி ஒட்டும்? மாமியின் வங்காள மொழி தஞ்சாவூர் மேடு பள்ளங்களோடு ஓடியது, வேகத்தில் குறைவில்லை. இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் ஏற்கவில்லை. பௌதி நார்ச்சக்கையோடு ஒரு சின்னப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பங்குனி முடிந்தால் பசுமஞ்சள் வரத்துக் குறையும். அதற்குள் மாமி இரண்டு கிலோ வாங்கி, பால்கனியில் பழைய பெயின்ட் வாளியில் ஈர மணல் நிரப்பிப் புதைத்து வைத்துவிடுவார். வேண்டும்போது தோண்டி எடுப்பது. மிஞ்சியது சித்திரைக்குப் பின் முளைவிடும். மழையில் முழ நீளத்துக்கு இலை வரும். அதில் மாமி பூரணம் வைத்துக் கொழுக்கட்டை வேகவைப்பார். பௌதிக்கும் நாலு இலை போகும். வழக்கமாக வாழை இலையில் சுருட்டும் மீனுக்கு மஞ்சள் இலை இன்னும் வாசனையாம்.

"மீனுக்கா?" என்று மாமியைக் கேட்டேன்.

"இலை கேட்டா, குடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கறதில்லை."